கம்பிகளுக்கு ஒரு குளியல்

பேஸ் கிட்டாரில் புது ஸ்ட்ரிங் மாட்டி, டியூன் செய்து, எந்த ஃபிரெட்டையும் அழுத்தாமல் ஈ கம்பியை முதல்முறை ஒரு தட்டு தட்டும்போது வருகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டவர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேச வருகிறேன் என்பது உடனே புரிந்துவிடும். அடியில் நெஞ்சுக்கூட்டைத் தொடும் கனமான முழக்கம். அதற்கு மேல் பளிச்சென்று ஓர் உலோகக் கணீர். பெரிய பியானோவின் இடது கோடிக் கட்டைகளில்தான் அந்த இரண்டும் அப்படிச் சேர்ந்து வரும். அந்த ஒரே ஸ்வரத்தைத் தட்டிவிட்டு, அது தேய்ந்து அடங்கும்வரை வேறெதையும் தொடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அவ்வளவு பிடிக்கும்.

அந்தக் கணீர் நிலைப்பதில்லை என்பதுதான் பேஸ் வாசிக்கிற எல்லோருக்கும் பொதுவான மனக்குறை. தினமும் கையில் எடுப்பவர்களுக்குச் சில வாரங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். கச்சேரி, ரிகர்சல் என்று ஓடுபவர்களுக்கு இன்னும் சீக்கிரம். சென்னை மாதிரி கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். காற்றில் ஈரம், உள்ளங்கையில் வியர்வை, மேடையில் விளக்குச் சூடு. நல்ல பேஸ் ஸ்ட்ரிங் செட் ஒன்று இங்கே 2,000 ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பது அரிது. சாதாரண கிட்டார் வாசிக்கும் நண்பர்கள் அதில் பாதிகூடச் செலவழிக்காமல் புது செட் மாட்டிக்கொண்டு சிரிப்பார்கள். நாம் மங்கிய சத்தத்தோடு சமாதானமாகிவிடுவோம்.

ஸ்டூடியோக்களில் நெடுங்காலம் வாசித்த மூத்த அண்ணன் ஒருவர்தான் எனக்கு இதற்கு ஒரு வழியைக் காட்டினார். "ஸ்ட்ரிங்கைத் தூக்கிப் போடாதே தம்பி, குளிப்பாட்டு" என்றார். ஒரு பிவிசி குழாய், அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஓர் இரவு. அவ்வளவுதான் மொத்தச் சாமான். மறுநாள் அந்தக் கம்பிகளிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டதிலிருந்து, பேஸ் வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. மங்கிப்போன ஸ்ட்ரிங்குக்குள் அதன் குரல் அப்படியேதான் இருக்கிறது. அழுக்குதான் அதன் வாயை அடைத்து வைத்திருக்கிறது. அழுக்கை எடுத்துவிட்டால் குரல் திரும்பி வந்துவிடுகிறது!

ஏன் திரும்புகிறது என்று தெரிந்துகொண்டபோது என் ஆசை இரட்டிப்பாயிற்று. பேஸ் ஸ்ட்ரிங்கின் நடுவே ஓடுவது எஃகுக் கம்பி, பெரும்பாலும் ஆறு பட்டை வைத்தது. இழுவிசையை எல்லாம் தாங்குவது அதுதான். அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். அது நிக்கல் முலாம் பூசிய எஃகாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கும். தடித்த ஸ்ட்ரிங்குகளில் இந்தச் சுற்று அடுக்கடுக்காக வரும். வழக்கமான ஒரு செட்டில் ஜி கம்பியின் தடிமன் 0.045 அங்குலம், ஈ கம்பியுடையது 0.105 அங்குலம். அவ்வளவு தடித்த கம்பியை ஒரே உருட்டாக வார்த்தால் அது விறைத்துப்போய் ஒழுங்காக அதிராது. சுற்றிக் கட்டினால் எடையும் கூடும், வளைவும் குறையாது. லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது வைத்த 34 அங்குல நீளத்தில், நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ இழுவிசையோடு கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மடியில் இவ்வளவு விசையை வைத்துக்கொண்டுதான் நாம் மென்மையாகத் தாலாட்டு வாசிக்கிறோம். எனக்கு இது இன்றைக்கும் வியப்புதான்.

சுற்று என்றால் இடுக்கு உண்டு. உருண்டைக் கம்பியால் சுற்றிய ரவுண்ட்வுண்ட் ஸ்ட்ரிங்கின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே நகம் உரசும் அளவுக்குப் பள்ளம் இருக்கும். நம் விரல் எண்ணெய், உதிர்ந்த தோல், வியர்வை உப்பு, தூசி எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் போய் உட்காருகின்றன. ஈ கம்பி விநாடிக்கு 41 முறை சொச்சம் அதிர்கிறது. அதோடு நிற்பதில்லை. 82, 124, 165 என்று அதன் மடங்குகளிலும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை போகும் அந்த மேல்வரிசைதான் கணீர். மேலே போகப் போகக் கம்பி சின்னச் சின்னத் துண்டுகளாக வளைந்து நெளிய வேண்டும். இடுக்கில் அழுக்கு அடைத்திருந்தால் ஒவ்வொரு நெளிவிலும் அது ஆற்றலைத் தின்றுவிடுகிறது. ஆகவே முதலில் போவது மேல்வரிசைதான். அடிநாதம் பழையபடியே இருக்கும், ஒளி மட்டும் போய்விடும். அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவில் படிவதும் இல்லை. நாம் அதிகம் வாசிக்கும் இடங்களில் கூடுதலாகச் சேர்ந்து, கம்பியின் எடையைச் சமனில்லாமல் ஆக்கிவிடுகிறது. அதனால்தான் பழைய ஸ்ட்ரிங்கில் கீழே ஸ்ருதி சேர்ந்தாலும் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் பிசகுகிறது.

மேல்வரிசையின் அருமை தெரிய வேண்டுமானால் கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். அந்தக் குட்டி ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸ் எல்லாம் கனவிலும் தர முடியாது. ஆனாலும் பேஸ் ஓடுவது நமக்குக் கேட்கிறது. அடிநாதமே வராதபோதும் அதன் மடங்குகளை மட்டும் வைத்து, நம் காதும் மூளையும் சேர்ந்து அடிநாதத்தை உள்ளே கட்டிக்கொள்கின்றன. இளையராஜாவின் பாடல்களில் தனக்கென்று ஒரு மெட்டோடு நடக்கும் பேஸையும், ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் விரல்களையும் டீக்கடை ஸ்பீக்கரில்கூட நாம் பின்தொடர முடிகிறதென்றால், அடிநாதத்துக்கு மேலே நிற்கும் அந்த மடங்குகள்தான் காரணம். மடங்குகள் மங்கிய ஸ்ட்ரிங்கில் பதிவு செய்து கைப்பேசியில் கேட்டால் பேஸ் இருந்த இடமே தெரியாது. குளிப்பாட்டிய ஸ்ட்ரிங்கில் வாசித்துக் கேட்டால், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முகம் கிடைத்துவிடும்.

இந்தக் கணீருக்காக ஏங்கியவர்களின் வரலாறு பெரியது. 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விஸ்ஸலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1965-இல் 'மை ஜெனரேஷன்' பாட்டில் பேஸ் தனியாக நின்று பேச வேண்டும் என்று வந்தபோது, அவர் டான்எலெக்ட்ரோ பேஸின் மெல்லிய, பளிச்சென்ற கம்பிகளை விரும்பியிருக்கிறார். கம்பி அறுந்தது. மாற்றுக் கம்பி கடையில் இல்லை. அந்தக் கம்பிக்காகவே இன்னொரு பேஸ் கிட்டாரை வாங்கினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்! ஒரு செட் கம்பிக்காக ஒரு முழு வாத்தியம். அடுத்த வருடம், 1966-இல், இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தில் ஜேம்ஸ் ஹவ்வோடு உட்கார்ந்து அவர் செய்வித்த ரவுண்ட்வுண்ட் செட்தான் 'ஸ்விங் பேஸ் 66' என்ற பெயரில் இன்றும் விற்கிறது. அதற்கு முன் பேஸ் என்றால் வழவழப்பான ஃபிளாட்வுண்ட்தான் வழக்கம். இன்று ராக் பேஸிலும் ஸ்லாப் பேஸிலும் நாம் கேட்கும் பளிச்சென்ற ஒலியில் பெரும்பகுதி அந்தப் பள்ளமும் மேடுமான சுற்றிலிருந்து வருவது. பள்ளத்தால் வந்தது அழகு. அதே பள்ளத்தால்தான் அழுக்கும் வந்தது. அந்த அழகை வைத்துக்கொண்டு அழுக்கை மட்டும் வெளியே அனுப்பும் வித்தைதான் இந்தக் குளியல்.

இனி குழாயைச் செய்வோம். ஹார்டுவேர் கடைக்குப் போய் "அண்ணாச்சி, ஒரு இஞ்ச் பிவிசி பைப் நாலடி வெட்டிக் குடுங்க. ஒரு பக்கத்துக்கு ஒட்டுற மூடி, இன்னொரு பக்கத்துக்கு மரை போட்ட மூடி" என்று கேளுங்கள். "மோட்டாருக்கா, டேங்க்குக்கா?" என்பார். கிட்டாருக்கு என்று சொன்னால் பைப்பையும் உங்களையும் மாறி மாறிப் பார்ப்பார். அந்தப் பார்வையும் இந்தப் பயணத்தின் இன்பங்களில் ஒன்று. அடி மூடியைச் சால்வென்ட் சிமென்ட் வைத்து ஒட்டி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, முதலில் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகவில்லை என்றால் உள்ளே நன்றாக உலரவிடுங்கள். நான்கடி நீளம் இருந்தால் ஒரு முழு செட்டும் வளையாமல் நேராக நிற்கும். பாட்டிலில் சுருட்டிப் போடலாமே என்று கேட்பார்கள். சுருட்டச் சுருட்டக் கம்பியில் மடிப்பு விழும், சுற்றுகள் தளரும். நேராக நிற்பதுதான் அதற்கு நல்லது.

ஆல்கஹாலைப் பொறுத்தவரை 99 சதவீத ஐசோபுரோப்பைல்தான் வேண்டும். சர்க்யூட் போர்டு துடைப்பதற்காக எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வைத்திருப்பார்கள். சென்னையில் ரிச்சி தெருவில் ஐபிஏ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி 30 பங்கு தண்ணீர். தண்ணீரும் எஃகும் சேரக் கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவு பாடு! மெத்திலேட்டட் ஸ்பிரிட் பக்கம் போகவே வேண்டாம். அதில் கலக்கும் மெத்தனால் கொடிய விஷம். ஐசோபுரோப்பைலையும் மரியாதையோடுதான் கையாள வேண்டும். சுமார் 12 டிகிரி வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும் தன்மை கொண்டது. நம் ஊரில் எந்த மாதத்திலும் அறை வெப்பம் அதைவிட அதிகம். ஆகவே அடுப்பு, பூஜை விளக்கு, கொசுவத்தி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடமாக இருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இதைச் சூடாக்கக் கூடாது. கிட்டாரின் மேல் ஒரு சொட்டுகூடச் சிந்தாதீர்கள், சில வகைப் பூச்சுகளை அது கரைத்துவிடும். என் குளியலறை மொட்டை மாடிதான்.

ஸ்ட்ரிங்கைக் கழற்றுவதும் ஒரு கலை. அவசரமே கூடாது. டியூனரை மெதுவாகத் திருகித் தளர்த்தி, கம்பி முழுக்கத் தொய்ந்த பிறகு, தூணைச் சுற்றிய வளைவுகளை விரலால் பதமாகப் பிரித்தெடுக்க வேண்டும். கட்டரால் வெட்டிவிட்டால் திரும்ப மாட்ட நீளம் இருக்காது. தூணில் மடிந்த அந்த நுனிதான் ஸ்ட்ரிங்கின் பலவீனமான இடம். அதை நேராக்க முயலாமல் மடிந்தபடியே விட்டு, திரும்ப மாட்டும்போது அதே மடிப்பு அதே துளையில் உட்காரும்படி செய்தால், பல குளியல்களைத் தாங்கும். பிறகு நான்கு கம்பியையும் உருண்டை முனை கீழே போகும்படி குழாயில் இறக்கி, மூழ்கும்வரை ஆல்கஹாலை ஊற்றி, மேல் மூடியை இறுக்கி, நேராகச் சாய்த்து வைக்க வேண்டும். இடையிடையே குழாயை எடுத்து மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துவேன். உள்ளே கம்பிகள் உரசிக்கொள்ளும் சத்தம் கேட்கும். வேலை நடக்கிறது என்று மனசு குதிக்கும். ஓர் இரவு போதும். மிகவும் அடைத்துப்போன செட் என்றால் ஒரு முழு நாள்.

கம்பி இல்லாமல் கிடக்கும் அந்த நேரத்தில் கிட்டாருக்கும் உபசாரம் நடக்கும். ரோஸ்வுட் பலகையின் ஃபிரெட் ஓரங்களில் படிந்திருக்கும் பழுப்பு அழுக்கைச் சற்றே ஈரமான துணியால் துடைத்து, உலர்த்தி, இரண்டு சொட்டு லெமன் ஆயில் தேய்த்தால் மரத்தின் நிறம் ஆழ்ந்துவிடும். சுத்தமான கம்பியை அழுக்குப் பலகைமேல் மாட்டுவதில் என்ன பயன்? நீண்ட நேரம் இழுவிசை இல்லாமல் இருந்தால் கழுத்து லேசாகப் பின்னுக்கு நகரும். மாட்டி டியூன் செய்து சற்று நேரம் விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மறுநாள் மூடியைத் திறந்து ஆல்கஹாலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீராகப் போனது சாம்பல் நிறத்தில், சில நேரம் கருப்பாகவே வரும். அடியில் துகள் துகளாக வண்டல் தங்கும். அத்தனையும் உங்கள் கம்பியின் இடுக்கில் இருந்தது! அதைப் பார்க்கும்போது எனக்கு வரும் திருப்தியைச் சொல்லி மாளாது. ஒவ்வொரு கம்பியையும் பஞ்சு போகாத பழைய பருத்தித் துணியில் இறுக்கிப் பிடித்து நீளமாக இழுத்தால், துணியில் இன்னும் ஒரு கறுப்புக் கோடு விழும். நிழலில் தொங்கவிட்டால் சிறிது நேரத்தில் ஆவியாகிவிடும், துரு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆல்கஹாலைக் காபி ஃபில்டர் காகிதத்தில் வடிகட்டி, இறுக மூடி வைத்தால் மறுபடியும் உதவும். கம்பி நுனியில் நூல் சுற்றிய செட் என்றால் நூலின் சாயம் கொஞ்சம் இறங்கலாம். சத்தத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

மாட்டும்போது ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கம்பி தன் அச்சில் முறுக்கிக்கொள்ளவே கூடாது. முறுக்கோடு மாட்டிய பேஸ் ஸ்ட்ரிங் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அடைபட்டேதான் பேசும். பிரிட்ஜில் உருண்டையைப் பொருத்தி, மறு நுனியைத் தளர்வாகப் பிடித்து, கம்பி தானாக எந்தப் பக்கம் திரும்ப விரும்புகிறதோ அந்தப் பக்கம் திரும்பவிட்டு, அதன் பிறகே தூணில் நுழைக்க வேண்டும்.

டியூன் ஆனதும் தட்டுங்கள். ஐயோ, அந்தச் சத்தம்! முந்தின நாள் போர்வைக்குள்ளிருந்து பேசிய அதே கம்பிதானா என்று இருக்கும். ஸ்லாப் செய்தால் கட்டைவிரல் பட்ட இடத்தில் பொறி பறக்கும். ஹார்மோனிக்ஸ் தொட்டால் நிற்காமல் நீளும். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்திய ஸ்வரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தி நிற்கும். ஆம்ப்பில் ட்ரெபிளை ஏற்றி ஏற்றிச் சமாளித்துக்கொண்டிருந்த கை தானாகக் குமிழைக் கீழே இறக்கும். குளித்த கம்பிகளோடு ஒரு ரிகர்சலுக்குப் போனபோது எங்கள் டிரம்மர் தம்பி முதல் பாட்டு முடிவதற்குள் குச்சியை நிறுத்தினான்.

"அண்ணா, புது ஸ்ட்ரிங்கா?"

"இல்லடா, போன தீபாவளிக்கு முன்னாடி மாட்டினது."

"சும்மா சொல்லாதீங்கண்ணா. கிக் டிரம்மோட சேரும்போது ஒவ்வொரு நோட்டும் தனியா கேக்குது!"

மேடையில் என் சத்தத்தை யாரைவிடவும் நன்றாகக் கேட்பவன் அவன்தான். அவன் காதுக்கே அப்படி என்றால் இதைவிடப் பெரிய சான்று எனக்கு எதற்கு? அன்று ரிகர்சல் முடிந்ததும் பேஸ் வாசிக்கும் தன் நண்பனுக்காகக் குழாயின் அளவைக் குறித்துக்கொண்டு போனான்.

கொதிக்கும் தண்ணீரில் போடலாமா என்று பலரும் கேட்பார்கள். பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் அழுக்கு இளகும், பளிச்சென்று வரும், அதில் ஐயமில்லை. எங்கேயோ ஓர் ஊரில், கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது, ஆபத்துக்கு அதுவே தெய்வம். ஆனால் சுற்றுக்கும் நடுக்கம்பிக்கும் இடையில் புகுந்த ஈரம் எளிதில் வெளியே வராது. துடைத்த கையோடு ஹேர் டிரையரால் நெடுநேரம் சூடு காட்ட வேண்டும். சென்னை போர்வெல் தண்ணீர் என்றால் அதில் உள்ள உப்பே கம்பியில் வெள்ளையாகப் படியும். கண்ணாடிக் கடைகளில் மூக்குக் கண்ணாடி கழுவ வைத்திருக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியும் இடுக்கு அழுக்கை அழகாக உதறிவிடும். அதிலும் தண்ணீர் என்பதால் உலர்த்தும் வேலை அதேதான். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் வீட்டில் "இதையும் புளியில போட்டா என்ன?" என்று அம்மா அன்போடு கேட்பார். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே அமிலம், நிக்கல் முலாமைத் தின்றுவிடும். வீணை வாசிப்பவர்கள் எண்ணெய் தோய்த்த பஞ்சைத் தொட்டுக்கொள்வதைப் பார்த்து எண்ணெய் தேய்க்கவும் வேண்டாம். விரல் வழுக்கிக்கொண்டு போவதற்கு அவர்களுக்கு அது வேண்டும். ரவுண்ட்வுண்ட் இடுக்கில் எண்ணெய் இறங்கினால், தூசிக்கு நாமே பாய் விரித்துக் கொடுத்தது போல ஆகிவிடும்.

குளியலுக்கும் குளியலுக்கும் உள்ள இடைவெளியை நீட்டுவது தினசரிப் பராமரிப்புதான். காசே ஆகாத வேலை. கிட்டாரைத் தொடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவி நன்றாகத் துடையுங்கள். வியர்வையில் இருக்கும் உப்பு, முலாமின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகக் கீழிருக்கும் எஃகைப் பிடிக்கிறது. அது மேலே ஏறாமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. வாசித்து முடித்ததும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகக் கவ்விப் பிடித்து, நட் முதல் பிரிட்ஜ் வரை ஓட்டுங்கள். மேலே மட்டும் தடவினால் போதாது. ஃபிரெட் பக்கம் பார்த்த அடிப்புறத்தில்தான் அழுக்கு பதுங்கும். அவ்வப்போது கம்பியை விரலால் கொஞ்சம் மேலே இழுத்துப் படாரென்று ஃபிரெட்டின்மேல் விடுவேன். இடுக்கில் காய்ந்த தூசி தெறித்து வெளியே வரும். உடனே துணியால் துடைத்தால் அந்த நிமிடமே வித்தியாசம் தெரியும். கேஸுக்குள் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், மழை மாதங்களில் ஈரத்தை அது பார்த்துக்கொள்ளும்.

எல்லா ஸ்ட்ரிங்குக்கும் இந்தக் குளியல் தேவையில்லை என்பதையும் மனமாரச் சொல்கிறேன். மோட்டவுன் இசை நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962-ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸில் தடித்த லா பெல்லா ஃபிளாட்வுண்ட் மாட்டி, அறுந்தால் ஒழிய மாற்றாமல், ஒற்றை ஆள்காட்டி விரலால் ஒரு காலகட்டத்தின் பேஸையே எழுதிவிட்டுப் போனார். அந்தக் கம்பிகளில் ஏறியிருந்த அழுக்கில்தான் தன் சத்தம் இருக்கிறது என்று அவர் நம்பினார். அந்த உருண்டையான, திரண்ட ஒலியை நான் கும்பிடுகிறேன். ஃபிளாட்வுண்டில் சுற்றுவது தட்டையான நாடா. பெரிய பள்ளம் இல்லாததால் ரவுண்ட்வுண்டில் போல அழுக்கு அடைந்துகொள்ளாது. ஆண்டுக்கணக்கில் பழகப் பழக அழகாகும். அதே போலப் பூச்சுப் போட்ட ஸ்ட்ரிங்குகள். கோர்-டெக்ஸ் துணி செய்யும் டபிள்யூ.எல்.கோர் நிறுவனத்தின் எலிக்ஸிர், சுற்றின்மேல் மெல்லிய பாலிமர் பூச்சைப் போட்டு அழுக்கை உள்ளே விடாமல் தடுக்கிறது. இவற்றை நான் குழாயில் இறக்குவதில்லை. உலர்ந்த துணியே போதும். குழாய் இருப்பது ரவுண்ட்வுண்டுக்காக, கணீரை நேசிப்பவர்களுக்காக.

குளியல் கம்பியை மறுபடி பிறக்கவைக்காது. அழுக்கைத்தான் அது எடுக்கும். உலோகத்தின் சோர்வும், ஃபிரெட் வெட்டிய தழும்பும் அப்படியே இருக்கும். கம்பியின் அடிப்பக்கம் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஃபிரெட் இருக்கும் இடங்களில் நகம் தடுக்கி விழும் அளவுக்குப் பள்ளம் இருந்தாலோ, சுற்று தளர்ந்து சலசலத்தாலோ, செந்துரு ஏறியிருந்தாலோ, குளித்த பின்னும் பன்னிரண்டாம் ஃபிரெட் ஸ்ருதி சேர மறுத்தாலோ, அந்த ஸ்ட்ரிங்குக்கு நன்றி சொல்லி விடைகொடுக்க வேண்டியதுதான். அதுவரை ஒவ்வொரு குளியலும் ஒரு புது அத்தியாயம். ஒவ்வொரு தடவையும் கணீர் கொஞ்சம் குறைவாகத் திரும்பும், கொஞ்சம் சீக்கிரம் மங்கும். ஆனால் முதலில் கைவிட்ட இடத்திலிருந்து பார்த்தால் அது பல மாதங்களின் இசை.

இந்தக் குழாய் எனக்கு மிச்சப்படுத்திய பணத்தைவிட, அது தந்த தாராளம்தான் பெரிது. முன்பெல்லாம் பதிவு நாள் வரட்டும் என்று நல்ல செட்டைப் பெட்டியிலேயே வைத்திருப்போம். வீட்டில் பழகுவது மங்கிய சத்தத்தில். மங்கிய சத்தத்தில் பழகினால் கையும் மங்கும், ஏனென்றால் விரல் எங்கே பட்டது, எப்போது விட்டது என்பதைக் கம்பி நமக்குத் திருப்பிச் சொல்வதே இல்லை. பளிச்சென்ற கம்பி எதையும் மறைக்காது. விரல் நுனியின் கோணம் மாறினால் சொல்லும், அழுத்தம் கூடினால் சொல்லும், ஒரு ஸ்வரம் அரை நொடி அதிகம் நின்றால் சொல்லும். இப்போது சாதகத்துக்கும் மேடைக்கும் ஒரே சத்தம்தான். தேய்ந்துவிடுமே என்ற கணக்கு மனசில் ஓடாமல் மணிக்கணக்கில் வாசிக்கிறேன்.

பேஸ் வைத்திருக்கும் எல்லோர் வீட்டிலும் கழற்றிய செட் ஒன்று உறையில் சுருண்டபடி அலமாரி இழுப்பறைக்குள் கிடக்கும். தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருப்போம். மனசு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. இந்தச் சனிக்கிழமை அதை எடுத்து விரித்து, தழும்பும் துருவும் இல்லையென்றால், ஹார்டுவேர் கடைக்கும் ரிச்சி தெருவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். குழாய்க்கும் ஆல்கஹாலுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு புது செட்டின் விலையில் பாதியைத் தொடாது. அடி மூடி காய ஒரு நாள், கம்பி குளிக்க ஓர் இரவு. திங்கட்கிழமை உங்களிடம் இரண்டு நல்ல செட்டுகள் இருக்கும்; ஒன்று கிட்டாரில், இன்னொன்று தன் முறை வரும்வரை குழாயில்.